வாத்து வேட்டைக்கு செமி ஆட்டோ ஷாட்கன் வாங்கப் போகிறீர்களா? தோட்டாவிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் புதிதாக வருபவர்கள் கடைக்குள் நுழைந்ததும் துப்பாக்கி மாட்டியிருக்கும் சுவரைத்தான் பார்க்கிறார்கள். எந்தக் கம்பெனி, என்ன விலை, எந்த உருமறைப்பு வண்ணம் என்று பேச்சு அங்கேயே சுற்றுகிறது. அந்த வரிசையை மாற்றச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முதலில் எந்தத் தோட்டாவைச் சுடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் அதைத் தடங்கலில்லாமல் சுடும் துப்பாக்கி, அதிலும் உங்கள் தோளுக்குப் பொருந்துவது. ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் காட்டு வாத்தைச் சுடுவது வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே எழுதுவது எல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும்.

முதல் படி: காகித வேலை

மாநில வேட்டை உரிமம் வேண்டும், பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு முன் பாதுகாப்பு வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். வலசைப் பறவை வேட்டைக்காரர்களைக் கணக்கெடுக்கும் ஹெச்ஐபி பதிவு தனி. 16 வயது நிரம்பியவர்களுக்கு மத்திய அரசின் டக் ஸ்டாம்ப் என்னும் வேட்டை முத்திரையும் தேவை, 25 டாலர். 1934இல் தொடங்கிய இந்த ஸ்டாம்ப்பில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது, அதனால் மனநிறைவோடு கொடுக்கலாம்.

நம்மவர்களில் பலர் ஹெச்-1பி விசாவில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வகை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் மத்தியச் சட்டம் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றமாகிவிடும். புதுப்பிக்கும் தேதியை எங்காவது பெரிதாக எழுதி வையுங்கள், உங்கள் மாநிலச் சட்டத்தையும் தனியாகப் பாருங்கள்.

இரண்டாம் படி: தோட்டா

ஷாட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள்தான் ரவை. முன்பு எல்லாரும் ஈய ரவையைத்தான் சுட்டார்கள். சுட்ட ரவை குளத்தடியில் தங்கிவிடும், இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் வாத்து அந்தக் கல்லோடு ஈயத்தையும் விழுங்கும், அது அரைவைப்பையில் தேய்ந்து ரத்தத்தில் கலந்து பறவை நாள்கணக்கில் நலிந்து சாகும். அடிபட்ட வாத்துகளைத் தின்ற வெண்டலைக் கழுகுகளும் செத்தன. 1987 வாக்கில் தொடங்கிப் படிப்படியாக, 1991இல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குத் தடை வந்தது. அவசியமான தடை அது. பிஸ்மத், டங்ஸ்டன் கலவை ரவைகளுக்கும் அனுமதி உண்டு, ஆனால் விலை மிக அதிகம். ஆகவே நடைமுறையில் ஸ்டீல்தான்.

ஸ்டீல் லேசானது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் சுமார் 11.3 கிராம், ஸ்டீல் 7.8 கிராம். லேசான ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், அதை ஈடுகட்ட ரவையைப் பெரிதாக்க வேண்டும், புறப்படும் வேகத்தையும் கூட்ட வேண்டும். ஈயத்தில் 4ஆம் எண் போட்டவர்கள் ஸ்டீலில் 2ஆம் எண்ணுக்கு மாறியது இதனால்தான். எண் குறையக் குறைய ரவை பெரிது: 4ஆம் எண் 3.3 மில்லிமீட்டர், 2ஆம் எண் 3.8 மில்லிமீட்டர். மல்லார்டு போன்ற பெரிய வாத்துக்கு 2, டீல் போன்ற சின்னதுக்கு 4, எது வரும் என்று தெரியாத காலையில் 3.

ஆரம்பத்தில் 12 கேஜ் (குழலின் அகல அளவு, எண் குறைந்தால் குழல் அகலம்), 3 அங்குலத் தோட்டா, ஒன்றேகால் அவுன்ஸ் ரவை, வினாடிக்கு 1,450 அடி வேகம், இதோடு நில்லுங்கள். இதுவே 40 யார்டுக்குள் எந்த வாத்துக்கும் போதும், அதற்கு அப்பால் புதியவர் சுடவே கூடாது. மூன்றரை அங்குலத் தோட்டா 1988இல் வந்தது. ஸ்டீல் லேசாக இருப்பதால் அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கிறது, கூடுதல் ரவையை அடைக்க நீளம் தேவைப்பட்டது. பெரிய வாத்து இனமான கூஸுக்கு அது பயன்படலாம், ஆனால் அதன் உதை பலமானது, தோட்டா விலையும் கூட. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடுபவரிடம் கூடுதல் ரவை இருந்து என்ன? 3 அங்குல அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) கொண்ட துப்பாக்கியையே வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தைப் பயிற்சித் தோட்டாவில் போடுங்கள். உடல்வாகு சிறியவர்கள், பதின்வயதினர் 20 கேஜ் எடுக்கலாம், தூரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: கேஸா, இனெர்ஷியாவா

செமி ஆட்டோ தானே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். அதற்கான விசை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இரண்டு வகை.

கேஸ் வகையில் குழலில் உள்ள சிறு துளை வழியாக வெடிவாயுவில் கொஞ்சம் பிரிந்து பிஸ்டனைத் தள்ளும். பெரெட்டா ஏ300 அல்டிமா, ஏ400, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, பிரவுனிங் மேக்ஸஸ், மாஸ்பெர்க் 940 எல்லாம் இந்தக் கூட்டம். உதை மெத்தென்று தோளில் விழும், எடை சற்றுக் கூடுதல். ஆனால் வாயுவோடு கரியும் பிஸ்டனில் படியும், அதோடு சேறும் ஈரமும் சேர்ந்தால் தோட்டா சிக்கும். கழற்றித் துடைக்கப் பொறுமை வேண்டும்.

இனெர்ஷியா வகையில் வாயு உள்ளே வருவதில்லை. சுட்டதும் துப்பாக்கி பின்னால் நகர்கிறது, தோட்டாவின் பின்னால் அடைத்துப் பூட்டும் போல்ட்டின் கனமான பாகம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, நடுவில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி விரிந்து போல்ட்டைத் திறக்கிறது. பெனெல்லி இதற்குப் பேர்போனது. 1991இல் வந்த அதன் சூப்பர் பிளாக் ஈகிள்தான் மூன்றரை அங்குலத் தோட்டாவை ஏற்ற முதல் 12 கேஜ் செமி ஆட்டோ. ஸ்டோகர் எம்3000, ஃபிராங்கி அஃபினிட்டி ஆகியவையும் இதே முறைதான், விலை குறைவு. பாகங்கள் குறைவு, கரி குறைவு, எடையும் குறைவு, சதுப்பில் வெகுதூரம் நடப்பவருக்கு அந்த எடை பெரிய விஷயம். பதிலுக்கு உதை கூடும். துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் வேலை செய்யும் என்பதால் தோளில் தளர்வாகப் பிடித்தாலோ ரொம்ப லேசான தோட்டா போட்டாலோ புதுத் துப்பாக்கி சில சமயம் திக்கும், கனமான தோட்டா கொஞ்சம் சுட்டுப் பழக்கினால் சரியாகும்.

இன்னொன்று, இனெர்ஷியா துப்பாக்கியைப் படகில் இடித்தால் போல்ட் மயிரிழை அளவு திறந்துகொள்ளும், வாத்து தலைக்கு மேல் வரும்போது விசையை இழுத்தால் வெறும் ‘கிளிக்’. தோட்டா ஏற்றியபின் போல்ட்டை உள்ளங்கையால் ஒருமுறை முன்னால் தள்ளிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். சூப்பர் பிளாக் ஈகிள் 3 போன்ற புது மாடல்களில் இதைச் சரிசெய்திருக்கிறார்கள்.

எது நல்லது என்று கேட்டால், படகிலோ மறைவிலோ உட்கார்ந்து சுடுபவருக்கு, அதுவும் புதியவருக்கு, கேஸ் வகையைத்தான் சொல்வேன். உதை குறைந்தால் பயிற்சியில் அதிகம் சுடுவீர்கள், இரண்டாம் குண்டும் நிதானமாகப் போகும். உப்புச் சதுப்பில் சுடுபவர்களும் துடைக்கச் சோம்பல்படுபவர்களும் இனெர்ஷியா பக்கம் போகலாம்.

நான்காம் படி: தோளுக்குப் பொருத்தம்

இதைக் கடையில்தான் பார்க்க முடியும், போகும்போது வேட்டைக்குப் போடும் தடிமனான ஜாக்கெட்டை எடுத்துப் போங்கள். முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று நீங்களே போல்ட்டைத் திறந்து பாருங்கள், கடைக்காரர் பார்த்திருந்தாலும் சரி. பிறகு ஜாக்கெட்டோடு, கடைக்காரர் காட்டும் பாதுகாப்பான திசையில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள், கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் வையுங்கள், கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டையும் முனை மணியும் ஒரே கோட்டில் தெரிந்தால் பொருத்தம். பட்டை மேடாகத் தெரிந்தால் குண்டு மேலே போகும், தெரியவே இல்லை என்றால் கீழே போகும். பல மாடல்களின் பெட்டியிலேயே கட்டையின் சாய்வை மாற்றும் ஷிம்கள் வரும், இருக்கிறதா என்று கேளுங்கள். ஜாக்கெட் அக்குளில் சிக்கினால் கட்டை நீளம். குழல் 26 அங்குலமா 28 அங்குலமா என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இடக்கைக்காரர்கள் இடக்கை மாடலையே தேடுங்கள், காலித் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறப்பது நல்லதல்ல.

விலை பற்றியும் கேட்பீர்கள். ஏ300 அல்டிமா, எம்3000 போன்றவை ஆயிரம் டாலரைச் சுற்றியோ அதற்குக் கீழோ கிடைக்கும், பெனெல்லியின் உச்ச மாடல்கள் ஏறக்குறைய இருமடங்கு. முதல் துப்பாக்கிக்கு முதல் வகையே தாராளம்.

யாராவது தாத்தா காலத்துத் துப்பாக்கியைக் கொடுத்தால் ஸ்டீல் போடாதீர்கள். ஸ்டீல் ரவை நசுங்காது, ரவை பரவாமல் இருக்கக் குழல்முனையைக் குறுக்குவதுதான் சோக், அதிகம் குறுக்கிய பழைய ஃபுல் சோக் குழலில் அது நெருக்கும்போது குழல் வீங்கிவிடலாம். பெல்ஜியத்தில் செய்த பழைய பிரவுனிங் ஆட்டோ-5 குழல்களில் ஸ்டீல் சுட வேண்டாம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: சோக்கும் காகிதமும்

நசுங்காத அதே குணத்தால் ஸ்டீல் ரவை ஈயத்தைவிட நெருக்கமாகப் போகும். அதனால் நடுத்தரக் குறுக்கமான மாடிஃபைட் சோக் போதும். ஆர்கன்சாவின் வெள்ளம் நிற்கும் ஓக் காடுகளில் வாத்து மரங்களுக்கிடையே இறங்கும், தூரம் குறைவு, அங்கே அதைவிடக் குறுக்கம் குறைந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர்.

ஆனால் சோக்கில் எழுதியிருப்பதை நம்பி வேட்டைக்குப் போகாதீர்கள். பெரிய காகிதத்தை 40 யார்டில் கட்டி, வேட்டைக்குப் போடும் அதே தோட்டாவால் சுட்டு, ரவைகள் நெருங்கி விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். மேலே சொன்ன 2ஆம் எண் தோட்டாவில் ஏறக்குறைய 156 ரவை இருக்கும், மல்லார்டுக்கு வட்டத்துக்குள் 85, 90 ஆவது விழ வேண்டும். குறைந்தால் தோட்டா பிராண்டை மாற்றுங்கள், அப்புறம் சோக்கை, அதற்கும் படியவில்லை என்றால் தூரத்தைக் குறையுங்கள். காயப்பட்டுப் பறந்துபோகும் வாத்து நாணலுக்குள் கிடந்து சாகும். அதைத் தவிர்க்கும் வேலை இந்தக் காகிதத்திலேயே தொடங்குகிறது, தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

கடைசியாக, சீசனுக்கு முந்தைய இரவு

வாத்து வேட்டையில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் துப்பாக்கிக்குள் போகக் கூடாது, 1935 முதல் இதுதான் விதி. தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் அதன் இடத்தைக் குறைக்கும் பிளக் இருக்கிறதா என்று, ஆபத்தில்லாத டம்மித் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள், அறையில் ஒன்று போக மேகசினில் இரண்டுக்கு மேல் ஏறக் கூடாது. உறைபனிக் குளிரில் கெட்டியான எண்ணெய் பசையாகி போல்ட்டை இழுக்கும், பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு படலம் மட்டும் விடுங்கள். புறா வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டையே போட்டுப் போவதாக இருந்தால் எல்லாப் பையையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். வாத்து வேட்டையில் ஈயத் தோட்டா ஒன்று பையில் இருந்தாலே அபராதம், சுட்டிருக்க வேண்டும் என்றில்லை.