பதினெட்டு வயதில் பிரேசிலுக்கு: மார்மன் மிஷனரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேசிலின் வடகிழக்கில் ரெசிஃபி போன்ற ஊர்களில், பல வீடுகளில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. முன்வாசல் இரும்புக் கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று இரண்டு கைகளையும் தட்டுவார்கள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்து இறங்கிய மிஷனரிப் பையனுக்கு இது தெரியாது. கேட்டைப் பிடித்து உலுக்குவான், நாய் குரைக்கும், பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். இதைக்கூட ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். மிஷன் என்ற இந்த மதப்பரப்புப் பயணத்தை உள்ளிருந்து அரிக்கும் தவறுகள் பெரும்பாலும் இரவில் திரும்பிவரும் அந்தச் சின்ன அறைக்குள்தான் நடக்கின்றன.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இந்த மிஷனரிகளின் சபையின் முழுப்பெயர். மார்மன் என்ற பட்டப்பெயரைத் தவிர்க்கும்படி 2018 முதல் சபைத் தலைமையே கேட்டு வருகிறது. நமக்குப் பழகிய சொல் என்பதால்தான் தலைப்பில் வைத்தேன். 2012 அக்டோபரில் ஆண்கள் மிஷன் போகும் குறைந்தபட்ச வயது 19இலிருந்து 18ஆகக் குறைந்தது. பள்ளி முடித்த கையோடு கிளம்புகிறார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு, எந்த ஊர் என்பதை சால்ட் லேக் சிட்டி தலைமையகம்தான் முடிவு செய்கிறது. எல்டர், சிஸ்டர் என்ற பட்டத்தோடு குடும்பப்பெயரும் சபையின் பெயரும்தான் மார்பிலுள்ள கறுப்பு அட்டையில் இருக்கும்.

கூடவே ஒரு கம்பேனியன், அதாவது சேர்ந்தே தங்கி, சேர்ந்தே நடக்கும் இன்னொரு மிஷனரி. குளியலறை போன்ற ஓரிரு சமயங்கள் தவிர எப்போதும் அவர் கண்ணிலும் காதிலும் படும் தூரத்திலேயே இருக்க வேண்டும். யாரோடு இருப்பது என்பதை அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் பிரசிடெண்ட் தீர்மானிப்பார். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ட்ரான்ஸ்பர் வரும். அப்போது ஆள் மாறலாம், மாறாமலும் போகலாம். இங்கேதான் முதல் பெரிய தவறு. ‘ஆறு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்’ என்று வாயை மூடிக்கொள்வது. மின்விசிறியை எவ்வளவு வேகத்தில் வைப்பது, சிங்க்கில் கிடக்கும் தட்டை யார் கழுவுவது, காலை ஆறரைக்கு அலாரம் அடித்தும் எழாதவனை எழுப்புவதா வேண்டாமா என எல்லாம் சில்லறை விஷயங்கள். ஆனால் நாள் முழுக்க ஒன்றாக நடக்க வேண்டிய இருவருக்குள் சில்லறைதான் மூட்டையாகச் சேரும். வாரத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஏற்பாடே இருக்கிறது. நேரமில்லை என்று பலர் முதலில் கைவிடுவது அதைத்தான். என்னைக் கேட்டால், தினசரி வேதப் படிப்பைக்கூட ஒரு நாள் குறைத்துக்கொள்ளலாம், அந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கம்பேனியனுக்குக் காவல்காரனாக மாறுவது. ஐந்து நிமிடம் தாமதமானாலும் கணக்கு வைத்துக்கொண்டு திரிபவனோடு யாரும் மனம் திறக்க மாட்டார்கள். இன்னொன்று, பிரேசில்காரக் கம்பேனியன் பக்கத்தில் இருக்கும்போது மற்ற அமெரிக்கர்களோடு ஆங்கிலத்தில் அரட்டையில் இறங்குவது. தன் சொந்த நாட்டிலேயே அவரை வெளியாளாக நிறுத்தும் காரியம் அது.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது, உடம்பும் மனமும் சரியில்லை என்பதை மறைப்பது. ஏன் மறைக்கிறார்கள் என்பது புரிகிறது. பெற்றோரோ தாங்களோ சேமித்த பணத்தில்தான் பெரும்பாலும் மிஷன் நடக்கிறது. அமெரிக்கக் குடும்பங்களுக்கு மாதப் பங்களிப்பு 2020 ஜூலையில் 400 டாலரிலிருந்து 500 டாலராக உயர்ந்தது. சபையே கூடி வழியனுப்பியிருக்கும். பாதியில் திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் தொண்டையை அடைக்கும். அதனால் டெங்குக் காய்ச்சலோடு வெயிலில் நடக்கிறார்கள். தூக்கமே வராத இரவுகளை யாரிடமும் சொல்வதில்லை. மிஷனரிகளுக்காகச் சபை தந்த கையேடு ஒன்றே மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. சிவப்புக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிஷன் பிரசிடெண்டிடமோ அவர் மனைவியிடமோ மஞ்சளிலேயே சொல்லிவிட வேண்டும். திரும்ப நேர்ந்தாலும் சொந்த ஊரிலிருந்தபடியே சேவை மிஷன் செய்ய வழி இருக்கிறது. திரும்பி வந்த பிள்ளையிடம் ‘ஏன் வந்தாய்’ என்று முதல் கேள்வியாகக் கேட்பது வீட்டாரும் ஊராரும் செய்யும் தவறு. சாப்பாடு போடுங்கள், தூங்க விடுங்கள்.

மொழிக்கு வருவோம். பயிற்சி மையத்தில் சுமார் ஆறு வாரம் போர்ச்சுகீஸ் படித்துவிட்டு வந்தவர்கள், தப்பாகப் பேசிவிடுவோமோ என்று கம்பேனியனையே பேசவிட்டு ஒதுங்குவார்கள். மாதங்கள் ஓடிவிடும். ரொட்டிக்கு அங்கே ‘பாவ்ங்’ என்பது போல மூக்கில் ஒலிக்கும் ஒரு சொல். நம் பாவ் பாஜியில் இருக்கும் பாவ் அதே சொல்தான். மூக்கொலியை விட்டுவிட்டால் தடி என்று பொருள்படும், கொச்சையாகவும் கேட்கும். கடைக்காரர் சிரிப்பார், கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி சொல்லிப் பார்ப்பவனுக்குத்தான் மொழி வரும். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீஸிலிருந்து நமக்கு வந்தவை என்பதால், இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

மதியச் சாப்பாட்டைப் பல ஊர்களில் சபைக் குடும்பங்களே முறை வைத்துப் போடுகின்றன. சோறு, ராஜ்மா போன்ற பயறு, மரவள்ளி மாவு, கோழி. கையில் இருப்பதைக் கொண்டு சமைத்த வீட்டில் தட்டில் மிச்சம் வைப்பதும், வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதும் மனதைப் புண்படுத்தும். சாப்பிட்டபின் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதும் தவறுதான், அவர்களுக்கு வேலை இருக்கும். காபிதான் சிக்கல். பிரேசிலில் விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது சின்னக் கோப்பைக் காபி. ஞான வார்த்தை என்ற சபையின் உணவு விதிப்படி காபியும் தேநீரும் கிடையாது. முகத்தைச் சுளித்து மறுப்பதோ, அங்கேயே நின்று விதியை விளக்கத் தொடங்குவதோ வேண்டாம். ‘தண்ணீர் கொடுங்கள் அக்கா’ என்று கேட்டு வாங்கிக் குடித்தால் அவர் உபசரித்ததாக ஆகிவிடும். வறுத்த பார்லியில் காபி மாதிரியே போடும் செவாதா என்ற பானமும் அங்கே உண்டு.

2019 பிப்ரவரிக்கு முன்பு வீட்டோடு பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். மற்றபடி வாராந்திர மின்னஞ்சல். இப்போது வாரத்தில் ஒருநாள், துணி துவைத்து, மளிகை வாங்கும் ஓய்வு நாளில், வீடியோவில் பேசலாம். பெரிய ஆறுதல். ஆனால் வீட்டுச் சண்டைகளையெல்லாம் அந்த அழைப்பில் கொட்டும் பெற்றோர் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையால் அங்கிருந்து எதையும் சரிசெய்ய முடியாது, வாரம் முழுக்கச் சுமக்கத்தான் முடியும்.

கடைசித் தவறுக்கு மிஷனரிகளே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ட்ரங்கி. மனம் ட்ரங்குப் பெட்டிக்குள் போய்விட்டவன். திரும்பும் நாள் நெருங்க நெருங்க உடல் மட்டும் தெருவில் நடக்கும். அவனோடு நடப்பவனுக்கு அது முதல் ஆறு வாரமாக இருக்கலாம். எந்த வாசலில் கைதட்டினால் நாய் பாயாது, எந்தத் தெருவில் மதியம் எல்லாரும் தூங்குவார்கள், எந்த வீட்டு அம்மா செவாதா போட்டுத் தருவார் என்று அந்தப் புதியவனுக்குக் காட்டித்தர அவனை விட்டால் வேறு ஆள் இல்லை.