ஈரக் காதில் ஊசியை விட்டுவைக்காதீர்கள்: வேகஸ் நரம்பு சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தேவிபட்டினத்தில் ஒரு நாள் முகாம். காதில் ஊசி வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டும் காது அக்குபங்சரைப் புதிதாகப் படித்துவிட்டு வந்த நாலு பிள்ளைகள் என்னுடன் இருந்தார்கள். நவபாஷாணத்தில் கடலில் முழுகிவிட்டு, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். தூக்கம் வரவில்லை என்றார். ஒரு பையன் பஞ்சால் காதை ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு நாள்கணக்கில் காதிலேயே விட்டுவிடும் ஒட்டு ஊசியைக் கையில் எடுத்தான். நான் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் கையைப் பிடிக்க யாரும் இல்லை.

கை கழுவுவது, ஒரு ஊசியை ஒருவருக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பது எல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சோணையில் (காதின் கீழே தொங்கும் சதையில்) வேகஸைத் தேடுவது

மூளையிலிருந்து நேரே கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் வேகஸ் பத்தாவது. தொண்டை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று உடம்புக்குள் நெடுந்தூரம் அலைவதால் லத்தீனில் அந்தப் பெயர் வந்தது. தோலுக்கு அது கிளை அனுப்பும் ஒரே இடம் காது. சிலருக்குக் காதில் பட்ஸ் விட்டால் இருமல் வருகிறதே, அது இந்தக் கிளையின் வேலை.

ஆனால் காது முழுக்க வேகஸ் இல்லை. 2002-ல் பாய்க்கர், ஃபில்லர் என்ற இரண்டு ஜெர்மன் உடற்கூறு ஆய்வாளர்கள், இறந்தவர்களின் காதுகளைப் பிரித்து எந்த நரம்பு எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பார்த்த காதுகள் அத்தனையிலும் வேகஸ் மட்டுமே போன இடம் ஒரே ஒரு குழிதான். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். காதின் வெளி விளிம்பு மேலே சுற்றி, முகத்துப் பக்கம் இறங்கி, காதின் உள்குழிக்குள் ஒரு சின்ன வரப்பு மாதிரி நுழைந்து மறையும். வரப்புக்குக் கீழே இருப்பது காதுத் துளை உள்ள பெரிய குழி. மேலே சுண்டுவிரல் நுனி அடங்கும் அளவில் இன்னொரு குழி இருக்கும். அதுதான் இடம்.

சோணைக்கு வருவது கழுத்திலிருந்து ஏறும் வேறு நரம்பு. வேகஸ் ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி சிகிச்சை தர வேண்டியிருந்தால், மின்சாரம் கொடுக்கும் கிளிப்பைச் சோணையில்தான் மாட்டுகிறார்கள். இது தெரியாமல், "நம் காதுகுத்தே வேகஸ் தூண்டல்தான், தோப்புக்கரணமும் அதுதான்" என்று முகாமில் மைக் பிடித்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கமுதிப் பக்கம் என் அப்பத்தா பாம்படம் போட்டுத் தோள் வரைக்கும் தொங்கிய காதோடு இருந்தவர். அந்தக் காதின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், அதில் இல்லாத நரம்பை இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1950-களில் பிரான்சின் லியோன் நகரத்து டாக்டர் பால் நோஜியே வரைந்த காதுப் படத்தில், தலைகீழாகக் கிடக்கும் குழந்தை மாதிரி உடம்பின் உறுப்புகள் குறிக்கப்பட்டிருக்கும். அது ஒரு சிகிச்சை முறையின் வரைபடம். நரம்பு ஓடும் பாதை வேறு. எந்தப் படத்தை நம்பி ஊசி வைக்கிறோம் என்று வைப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வெறும் வயிற்றுக்காரரை உட்கார வைத்து ஊசி போடுவது

இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு, விடிகாலையில் கரையேறி, ஒரு டீயோடு நேரே வந்து உட்காருவார்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். வேகஸின் முக்கியமான வேலைகளில் ஒன்று இதயத் துடிப்பைக் குறைப்பது. அதோடு ஊசி பயமும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், ஆள் வியர்த்துச் சரிந்துவிடுவார். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத ஒரு அண்ணன், என் நாற்காலியிலிருந்து அப்படித்தான் சரிந்தார். தரையில் தலை படாமல் தாங்கிப் பிடிக்க முடிந்தது.

சாப்பிட்டாரா என்று கேளுங்கள். முதல் தடவை என்றால் படுக்க வையுங்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் நாடியை எண்ணி எழுதுங்கள். மயக்கம் வந்தால் முதலில் ஊசிகளை எடுத்துவிட்டு, காலைத் தூக்கி வையுங்கள்.

ஈரக் காதில் ஊசியை விட்டுவிட்டு அனுப்புவது

இதைத்தான் நான் எழுத வந்தேன். இன்றைக்கும் ஒவ்வொரு முகாமிலும் யாராவது ஒருவர் இதைச் செய்யப் போகிறார், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒட்டு ஊசி என்பது ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டி ஊசி. தோலுக்குள் இறக்கி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, நாலைந்து நாள் அப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளி திரும்பத் திரும்ப வர வேண்டியதில்லை, பஸ் செலவு மிச்சம். நானும் அதை நம்பினேன்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா வந்தார். தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு. மேல் குழியில் இரண்டு ஊசி வைத்து ஒட்டினேன். "அஞ்சு நாள் கழிச்சு வாங்கக்கா, நானே எடுத்துவிடுறேன்" என்று அனுப்பினேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

பாசிக்குப் போகிறவர்களைப் பக்கத்தில் பார்த்திருந்தால் தெரியும். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருப்பார்கள். தலையோடு காதையும் சேர்த்து இறுக்கி ஒரு துணி கட்டு. அதற்கு மேல் முகக் கண்ணாடியின் ரப்பர் பட்டை. பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்க முழுகி எழுந்து முழுகி, மணிக்கணக்கில் தண்ணீரிலேயே இருப்பார்கள். அவ்வளவு நேரமும் காது ஈரத் துணிக்குள் வெந்துகொண்டிருக்கும். அதற்குள் என் ஊசி இரண்டு. பட்டை அழுத்த அழுத்த அவை இன்னும் உள்ளே போயிருக்கின்றன.

மூன்றாம் நாள் போன். காது சூடாக இருக்கிறது, சிவந்திருக்கிறது. ஊசியைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் பற்றுப் போடச் சொன்னேன். இது என் இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. மெடிக்கலில் கேட்டு ஏதோ அமாக்ஸிசிலின் மாத்திரையும் போட்டிருக்கிறார். ஆறாம் நாள் நேரில் பார்த்தபோது மேல் காது பணியாரம் மாதிரி வீங்கி, மடிப்புகளே தெரியவில்லை. தொட்டால் உள்ளே நீர் தளும்பியது. சோணை மட்டும் எப்போதும் போல இருந்தது.

அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சீழை வெட்டி எடுத்தார்கள். காது டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து விளக்கினார். அந்தக் கால் மணி நேரத்தை இன்றும் மறக்கவில்லை.

காது மடலின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. அதன் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு போகிறது. சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கட்டினால் அந்த வழி அடைபடும். குருத்தெலும்பு செத்துவிடும். செத்தது திரும்ப வளராது, காது சுருங்கிக் கசங்கிப் போகும். இப்படி வரும் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரம் எங்கே உண்டோ அங்கே வாழும். அமாக்ஸிசிலினுக்கு அது அசையாது, அதற்கென்று வேறு மருந்து வேண்டும். சோணையில் குருத்தெலும்பே இல்லாததால் அது தப்பித்துக்கொள்ளும். ஆக, சோணை நன்றாக இருந்து காதின் மற்ற பகுதியெல்லாம் சிவந்து வலித்தால், தொற்று குருத்தெலும்புப் பக்கம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். சர்க்கரை உள்ளவராக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அந்த அக்காவின் இடது காதின் மேல் பாதி இன்றைக்கும் சுருங்கித்தான் இருக்கிறது. கண்ணாடிப் பட்டை அதில் நிற்காமல் வழுக்குகிறது என்று பின்மண்டையில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தேவிபட்டினத்துப் பையன் சொன்னான்: "பிளாஸ்திரி வாட்டர்ப்ரூஃப்க்கா, தண்ணி போகாது." தண்ணீர் போகாத பிளாஸ்திரிக்குள்ளிருந்து வியர்வை மட்டும் எப்படி வெளியே வரும்? நம் கரையின் புழுக்கத்தில் காற்றே உப்பு ஈரம். ராமேஸ்வரம் வருகிறவர் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு போவார். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரின் காதை மனதில் வைத்து எழுதிய பாடம் இங்கே செல்லாது.

நான் இப்போது செய்வது இதுதான். ஒட்டு ஊசியைக் கையால் தொடுவதில்லை. சாதாரண ஊசி, இருபது முப்பது நிமிஷம், எடுத்துவிட்டு உலர்ந்த பஞ்சால் அழுத்தம். குளித்துவிட்டு வந்தவர் என்றால் காது முழுக்கக் காயும் வரை திண்ணையில் உட்கார வைப்பேன். ஊசி எடுத்த பிறகு ஒரு முழு நாள் கடலும் இல்லை, தீர்த்தமும் இல்லை. "பாசிக்கு எப்போ போறீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். இங்கே பல பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று போவார்கள். இடையில் வரும் நாட்கள்தான் எனக்கு. விசைப்படகு அண்ணன்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் அவர்கள் காதும் காய்ந்திருக்கும், அவர்களுக்கும் நேரம் இருக்கும். வீட்டிலேயே அழுத்திக்கொள்ள வேண்டும் என்றால் தோலைத் துளைக்காத மணியை ஒட்டி விடுகிறேன், அதையும் தண்ணீரில் இறங்குமுன் பிய்த்துப் போட்டுவிடச் சொல்லி.

நெஞ்சில் வைக்கும் கருவியின் பெயரைக் காதுக்கு வாங்குவது

நெஞ்சுத் தோலுக்கு அடியில் கருவி வைத்துக் கழுத்தில் உள்ள வேகஸைத் தூண்டும் முறைக்கு அமெரிக்காவில் 1997-ல் வலிப்பு நோய்க்கும், 2005-ல் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கும் அனுமதி கொடுத்தார்கள். அது அறுவை சிகிச்சை. காதில் மின்சாரம் கொடுப்பது இன்னொன்று. காதில் ஊசி வைப்பது மூன்றாவது. முதலாவதற்குக் கிடைத்த அனுமதியைக் காட்டி மூன்றாவதற்கு ஆள் சேர்க்காதீர்கள். தூக்கம், பதற்றம், வலி இவற்றுக்குத் துணையாக இதைச் செய்கிறேன் என்று சொன்னாலே நம்மிடம் வருகிறவர் வருவார்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

சொல்லவே கூடாது. வலிப்பு மாத்திரை என்றால் உயிரே போகும்.

கரண்டைக் கூட்டிக்கொண்டே போவது

கிளிப் கருவி வைத்திருப்பவர்களுக்கு. எறும்பு ஊர்வது போலத் தெரிந்தால் போதும். வலித்தால் அதிகம். கூடக் கூட நல்லது என்று நினைத்துத் திருகினால் தோல் புண்ணாவதுதான் மிச்சம். பெரும்பாலான ஆய்வுகளில் இடது காதில்தான் மாட்டினார்கள், ஏனென்றால் இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடத்துக்கு வலது வேகஸின் பிடி அதிகம். நீங்களும் இடதிலேயே இருங்கள்.

பேஸ்மேக்கர் உள்ளவருக்குக் கரண்ட்

கிடையாது.

எண்ணாமல் அனுப்புவது

வைத்தது எத்தனை, எடுத்தது எத்தனை என்று சீட்டில் எழுதுங்கள். குழிக்குள் ஒரு ஊசி மறைந்து நின்றால் மேலிருந்து பார்க்கும்போது தெரியாது, டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். எடுத்த ஊசி குப்பைக் கூடைக்கோ கடற்கரை மணலுக்கோ போகக் கூடாது, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குத்தான் போக வேண்டும். வெறும் காலோடு நடக்கிற கரை இது.