ஆப்பிரிக்க வேட்டைக்கு எந்தக் குண்டு? கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்கு

பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கியில் எஸ்ஜி (பெரிய ஈய உருண்டைகள் கொண்ட தோட்டா) போட்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருபது முப்பது மீட்டரில் காட்டுப்பன்றி சுட்டுப் பழகியவர்களுக்குத் தோட்டாவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டிய தேவை வந்திருக்காது. கடையில் எது இருக்கிறதோ அதை உரிமத்தில் உள்ள எண்ணிக்கைக்கு வாங்குவோம், அவ்வளவுதான். அதே ஆள் நமீபியாவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ குடு மான் சுடப் போகும்போது, ரைஃபிள் எது என்று பத்து பேரிடம் கேட்கிறார். குண்டு எது என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. விலங்கைத் தொடுவது குண்டு ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு ரைஃபிளைப் பற்றிப் பேசுவதே சரியான வரிசை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. குழலை விட்டுப் போவது குண்டு மட்டும். பெட்டியில் 180 கிரெய்ன் என்று போட்டிருந்தால் அது குண்டின் எடை, மருந்தின் எடை அல்ல. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். ஆக 180 கிரெய்ன் 11.66 கிராம்.

குண்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் மிக முக்கியம். சாதாரண வேட்டைக் குண்டைக் கொழுக்கட்டை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே செம்பு உறை, உள்ளே ஈயப் பூரணம். மிதமான வேகத்தில், மெல்லிய உடம்பில் பட்டால் முனை அழகாக விரியும். வேகம் கூடி, தோள் எலும்பில் நேராகப் பட்டால் உறை கிழிந்து பூரணம் சிதறிவிடும். பாதி எடை கூட மிஞ்சாது, நுரையீரலைத் தொடுமுன் நின்றுவிடும். விலங்கு காயத்தோடு ஓடும், நாள் முழுக்க ரத்தத் தடம் பார்த்து நடக்க வேண்டியிருக்கும். அந்த வேதனை எந்த விலங்குக்கும் வரக்கூடாது.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. ஒன்று, கொழுக்கட்டைக்குள் நடுவே ஒரு சுவர் வைப்பது. 1940-களில் ஜான் நோஸ்லர் செய்த பார்டிஷன் குண்டு இதுதான். முன்பாதி விரிந்து உதிர்ந்தாலும் சுவருக்குப் பின்னால் இருக்கும் ஈயம் அப்படியே உள்ளே போகும், பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு எடை மிஞ்சும். இரண்டு, ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிவிடுவது. அக்யூபாண்ட் இந்த வகை. ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேமில் நடுச்சுவரும் உண்டு, ஒட்டலும் உண்டு. மூன்று, ஈயமே இல்லாமல் முழுச்செம்பில் கடைந்து எடுப்பது. பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் இப்படிப்பட்டது. தோலுக்கு அடியில் நின்றுபோன அப்படியொரு குண்டை வெட்டியெடுத்துப் பார்த்தால், முனை நான்கு இதழாகப் பிளந்து பின்னோக்கி மடிந்திருக்கும், அடிப்பாகம் புதிது போல இருக்கும். தராசில் வைத்தால் எடை ஏறக்குறைய குறைந்திருக்காது. சமையலுக்குப் போகும் இறைச்சியில் ஈயத் துகள் இருக்காது என்பது இதன் கூடுதல் நன்மை.

முழுச்செம்புக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. விரிய வேகம் வேண்டும். ஈயக் குண்டுகள் பல விநாடிக்கு 550 மீட்டர் வேகத்திலும் விரியும், செம்புக்கு 600-க்கு மேல் இருப்பது நல்லது. அதைவிடக் குறைந்தால் பென்சில் குத்தியது போல ஊடுருவிப் போய்விடும். அடுத்தது நீளம். செம்பு ஈயத்தைவிட லேசானது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது. நீளமான குண்டு நிலையாகச் சுழல, குழலின் உள்ளே சுருளாக வெட்டிய புரி வேகமாக முறுக்கியிருக்க வேண்டும். .30-06, .308 என்பவை தோட்டா வகைகளின் பெயர்கள். .30-06 ரைஃபிளில் வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, பிரச்சினை வராது. பழைய .308-களில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். அதில் 180 கிரெய்ன் செம்பு போட்டால் குண்டு தள்ளாடக்கூடும். காகித இலக்கில் வட்டத் துளைக்குப் பதில் நீள்வட்டத் துளை விழுந்தால் அதுதான் காரணம். ஒரு படி இறங்கி 150 அல்லது 165 எடுங்கள். செம்பு எடையை இழக்காது என்பதால் இறங்குவதால் ஊடுருவல் குறையாது.

எடையை எப்படி முடிவு செய்வது? குறுக்கு அடர்த்தி என்று ஒரு கணக்கு இருக்கிறது. குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் (விட்டம் × விட்டம்) வகுக்க வேண்டும். .308 விட்டத்தில் 150 கிரெய்னுக்கு 0.226 வரும், 180-க்கு 0.271. .375 விட்டத்தில் 300 கிரெய்னுக்கு 0.305. எண் ஏற ஏற, ஒரே மாதிரி கட்டப்பட்ட குண்டு ஆழமாகப் போகும். "ஒரே மாதிரி கட்டப்பட்ட" என்பதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

இம்பாலா, ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மான்கள், வார்த்தாக் பன்றி ஆகியவற்றுக்கு .308 அல்லது .30-06-இல் 150 முதல் 165 கிரெய்ன் போதும். இங்கே சாதாரண ஈயக் குண்டும் நன்றாக வேலை செய்யும். குடு, ஓரிக்ஸ், வில்டபீஸ்ட் போன்ற பெரிய மான்கள், வரிக்குதிரை என்றால் 165 முதல் 180, கட்டாயம் மேலே சொன்ன மூன்று உறுதியான வகைகளில் ஒன்று. ஈலாண்ட் எருதைப் போன்ற உடம்பு, 180 அல்லது 200 கிரெய்ன் ஒட்டல் குண்டு, முடிந்தால் .375. காட்டெருமைக்குப் பல நாடுகளில் .375-தான் குறைந்தபட்ச அளவு, அதில் 300 கிரெய்ன். விரியாத திடக்குண்டு எருமையின் மறுபக்கம் வெளியேறி, பின்னால் நிற்கும் இன்னொன்றைத் தாக்கக்கூடும். கூட்டத்தில் நிற்கும்போது முதல் குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டியதற்கு அதுவே காரணம்.

நமீபியாவில் குறைந்தபட்சக் குழல்வாய் ஆற்றலை (குண்டு குழலை விட்டு வரும்போது உள்ள ஆற்றல்) சட்டமே சொல்கிறது: ஸ்பிரிங்பாக் போன்றவற்றுக்கு 1350 ஜூல், குடு, ஓரிக்ஸ், ஈலாண்டுக்கு 2700, எருமை, யானைக்கு 5400. விநாடிக்கு 793 மீட்டரில் போகும் .308-இன் 180 கிரெய்ன் குண்டு சுமார் 3660 ஜூல் தருகிறது, குடுவுக்குத் தாராளம். 771 மீட்டரில் போகும் .375-இன் 300 கிரெய்ன் சுமார் 5780. எருமைக்கான வரம்பை அது தாண்டினாலும் உபரி அதிகமில்லை. குட்டைக் குழலில் வேகம் குறைந்தால் வரம்புக்குக் கீழே போய்விடக்கூடும், ஆகவே வாடகை ரைஃபிளின் குழல் நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூர்முனை, படகு வால் (பின்பக்கம் குறுகும் குண்டு) என்றெல்லாம் விளம்பரம் பார்த்து மயங்க வேண்டாம். புதர்க்காட்டில் பெரும்பாலான சுடுதல் 200 மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தத் தூரத்தில் அந்த .308 குண்டு இன்னும் 670 மீட்டர் வேகத்தை ஒட்டி இருக்கும், காற்றைக் கிழிக்கும் வடிவத்தால் கிடைக்கும் லாபம் சிறிது. எதிர்ப்பக்கத்தில்தான் ஆபத்து: அதிவேக மேக்னம் ரைஃபிளில் மெல்லிய கூர்முனைக் குண்டு, ஐம்பது மீட்டரில் திடீரென்று எழுந்த விலங்கு. அங்கேதான் குண்டு உடைந்து போகும்.

கையால் அடைத்த தோட்டா

மலேசியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி கடுமையான குற்றம். வீட்டில் அடைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தென்னாப்பிரிக்காவிலோ உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் ரைஃபிளுக்கு அடைத்துக்கொள்வது அன்றாட வழக்கம். வாடகை ரைஃபிளோடு உங்கள் கையில் வருவது வேட்டைப் பண்ணைக்காரர் அடைத்த தோட்டாவாகவும் இருக்கலாம். அதைச் சரியாகக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்.

முதல் கேள்வி: இந்தத் தோட்டா இந்த ரைஃபிளுக்கென்றே உருவாக்கப்பட்டதா? ஒரு ரைஃபிளில் சமர்த்தாக ஓடும் மருந்தளவு, தோட்டா உட்காரும் அறை இறுக்கமான இன்னொன்றில் அழுத்தத்தை எல்லை மீறவைக்கும். ஒழுங்கான முறையில், கையேடு சொல்லும் உச்ச அளவுக்கு பத்து சதவீதம் கீழே தொடங்கி, படிக்கு 0.3 முதல் 0.5 கிரெய்ன் வரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மூன்று தோட்டா சுட்டுப் பார்ப்பார்கள். அங்கே பலர் பயன்படுத்துவது சோம்கெம் மருந்து, எஸ்335, எஸ்365 போன்றவை. அமெரிக்க மருந்துகளுக்கான அட்டவணையை அதற்கு வைத்துப் பார்க்க முடியாது. பிரைமர் மாற்றினாலும் குண்டு மாற்றினாலும் மறுபடி கீழிருந்து ஏற வேண்டும். 165 கிரெய்ன் ஈயக் குண்டின் மருந்தளவை 165 கிரெய்ன் செம்புக்கு அப்படியே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நீளமான செம்புக் குண்டு கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும், அழுத்தம் ஏறும். மிகக் குறைவாகப் போட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்கக் கூடாது. பெரிய கூட்டில் மெதுவாக எரியும் மருந்து மிகக் குறைந்தால் எரிதல் ஒழுங்கு தப்பி, அழுத்தம் எதிர்பாராமல் எகிறலாம்.

சுட்ட கூட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். பிரைமரின் ஓரம் வட்டமாக இருந்தால் நல்லது. ஓரம் தட்டையாகி, பித்தளை அடியில் எஜெக்டரின் (கூட்டை வெளியே தள்ளும் முள்) பளபளப்பான வட்டத் தடம் தெரிந்து, அறையை மூடும் போல்ட்டைத் தூக்கக் கை கனத்தால் மருந்து அதிகம். இந்த மூன்றில் போல்ட் கனப்பது மிக முக்கியமான எச்சரிக்கை. காலையில் குளிரில் சோதித்த தோட்டா, மதியம் ஜீப்பின் முன்பலகையில் வெயிலில் கிடந்தால் அழுத்தம் கூடும். தோட்டாவை நிழலில், பையில் வையுங்கள்.

இரண்டாவது, நீளம். .308 தோட்டாவின் உச்ச மொத்த நீளம் 71.12 மில்லிமீட்டர், .30-06-க்கு 84.84. துல்லியத்துக்காகக் குண்டைப் புரிக்கு அருகே நீட்டி அடைத்தால் மேகசினில் (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) நுழையாது. செம்புக் குண்டுகள் புரியிலிருந்து சற்று விலகி நிற்பதையே விரும்புகின்றன, பார்ன்ஸ் சொல்லும் தொடக்க இடைவெளி 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். .375-இல் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் சுடுதலின் உதையில் மேகசினில் கிடக்கும் தோட்டாக்களின் மூக்கு முன்சுவரில் மோதி, குண்டு உள்ளே தள்ளப்படும். குண்டின் பள்ள வரியில் கூட்டின் வாய் நெருக்கி மடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரல் நகத்தை வைத்து இழுத்தாலே அந்த விளிம்பு தட்டுப்படும்.

மூன்றாவது, வேட்டைக்குப் போகும் ஒவ்வொரு தோட்டாவையும், பத்து இருந்தால் பத்தையும், துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, விரலை விசையிலிருந்து விலக்கி, மேகசினிலிருந்து அறைக்குள் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கூட்டின் தோள் (வாய் நோக்கிக் குறுகும் இடம்) சரியாக அழுத்தப்படாத ஒன்று போல்ட்டை மூடவிடாது. அதை இலக்குத் திடலில் கண்டுபிடித்துவிட வேண்டும்.

சுடும்போது வழக்கமான ஒலிக்குப் பதில் மந்தமாக "பொத்" என்று கேட்டால், அடுத்ததை ஏற்றாதீர்கள். மருந்து விழாத தோட்டாவாக இருக்கலாம், குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, 100 மீட்டரில் மூன்று குண்டுகள் நாலு சென்டிமீட்டருக்குள் விழுந்தால் போதும். அரை சென்டிமீட்டர் குறைப்பதற்காக உறுதியான குண்டை விட்டு மெல்லியதற்கு மாறாதீர்கள். குழல் ஆறிய நிலையில் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதையே குறித்துக்கொள்ளுங்கள், விலங்குக்குப் போவது அதுதான். ஈயக் குண்டிலிருந்து செம்புக்கு மாறுமுன் குழலை நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இலக்கில் குண்டுகள் சிதறி விழும். குறி வைப்பதும் நம் பன்றிப் பழக்கத்திலிருந்து கொஞ்சம் மாறும். இந்த மான்களின் இதயம் தாழ்வாக, முன்கால்களுக்கு நடுவே இருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் முன்காலின் பின்கோட்டை மேலே தொடர்ந்து, உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். தோளுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் குடல்தான் கிடைக்கும்.

சொந்த ரைஃபிளைக் கொண்டு போகத் திட்டமிட்டால் இங்கே போலீஸ் அனுமதி, இடையில் விமானம் மாறும் நாட்டின் அனுமதி, அங்கே நுழைவு அனுமதி என்று மூன்றும் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். விமானத்தில் தோட்டா ஒருவருக்கு மொத்த எடையில் 5 கிலோவுக்கு மேல் போகாது. பெரும்பாலானோருக்கு அங்கேயே வாடகைக்கு எடுப்பது எளிது.

திரும்பும்போது சட்டைப் பை, மேலங்கியின் உள்பை, இடுப்புவார், காலணி, பைனாகுலர் உறை எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். கேஎல்ஐஏ விமான நிலையச் சோதனையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா கிடைத்தாலும் அது உரிமம் இல்லாத தோட்டாதான். நினைவுக்காக வைத்திருக்கும் வெற்றுக் கூட்டையும் பண்ணையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.