தேடல் பக்கம் தானாக மாறுகிறதா? எங்கே கை வைக்க வேண்டும்

"குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதில் வேறு ஏதோ வருகிறது சார். மாற்றி வைத்தால் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது." என் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் இந்த இரண்டில், எனக்கு முக்கியம் இரண்டாவதுதான். முகப்புப் பக்கத்தை யாரும் மாற்றிவிடலாம். அதைத் திரும்பத் திரும்ப வைப்பது எது என்று பிடிக்காதவரை வேலை முடியாது. அதுவரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

திரையின் வலது கீழ் மூலையில் "வைரஸ் நுழைந்துவிட்டது" என்று பெட்டி மட்டும் எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு தளம் கேட்டபோது அறிவிப்புக்கு 'அலோ' கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் போதும்.

அது இல்லையென்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவப்பட்ட செயலிகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவர் யார்? பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று ஒன்று, டிரைவரை (பிரின்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) புதுப்பிக்கிறேன் என்று ஒன்று. பிரின்டர் டிரைவர் தேடும்போது நிறுவனத்தின் தளத்துக்குப் போகாமல், தேடல் முடிவில் மேலே நிற்கும் விளம்பரத்தை அழுத்துவதால் வருகிற வினை இது. தயங்காமல் நீக்குங்கள்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன்கள், அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் சிறு துணை நிரல்கள். அறிமுகமில்லாதது நீக்க முடிந்தால் நீக்கிவிடுங்கள், அதோடு அது தீர்ந்தது. நீக்கும் பொத்தானே வேலை செய்யாமல், "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று குரோம் சொன்னால் விஷயம் வேறு. அலுவலகக் கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்காக உள்ள வசதியை திருட்டுத்தனமாக நுழையும் இந்த மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் குரோம் என்று எழுதி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அதை ஒட்டி பாலிசி என்று தட்டுங்கள் (chrome://policy). குரோம் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளின் பட்டியல் இது. வீட்டுக் கணினியில் அந்தப் பக்கம் பொதுவாகக் காலியாக இருக்கும். சில ஆன்டிவைரஸ்கள் மட்டும் நியாயமாகவே அங்கே ஓரிரு வரி எழுதி வைக்கும். மற்றவற்றை அழிக்க, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இறங்க வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. பதிலாக, இப்படிப்பட்ட தொல்லைகளைத் துடைக்கும் ஆட்வ்கிளீனர் (AdwCleaner) என்ற கருவியை, அதைத் தரும் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். இலவசம், நிறுவவும் தேவையில்லை. அதன் செட்டிங்ஸில் குரோம் பாலிசிகளை மீட்டமைக்கும் வாய்ப்பை இயக்கிவிட்டு ஓடவிடுங்கள்.

பலர் பார்க்கத் தவறும் இடம் ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் படத்தை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸில் 'டார்கெட்' பெட்டியைப் பாருங்கள். பெட்டி சிறியது, வரி நீளம். எனவே கர்சரை வலது கோடிவரை நகர்த்துங்கள். மேற்கோள் குறி முடிந்த பிறகு ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் செட்டிங்ஸில் என்ன மாற்றினாலும் குரோம் அந்தப் பக்கத்தோடுதான் திறக்கும். அந்த வாலை வெட்டுங்கள். டாஸ்க்பாரில் உள்ள ஷார்ட்கட்டையும் விடாதீர்கள். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் ஒரு நோட்டம் விடுங்கள். மறுநாள் உயிர்த்தெழும் ரகங்களுக்கு அது வசதியான மறைவிடம்.

இவ்வளவும் முடிந்தபின் குரோமை ரீசெட் செய்யலாம். புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொற்களும் போகாது. அதே கூகுள் கணக்கை வேறு கணினியிலும் திறந்திருந்தால், இரண்டிலும் அமைப்புகளை ஒன்றுபோல வைக்கும் சிங்க்கை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விரட்டியது அந்த வழியாகத் திரும்பி வரும்.

உங்களை உளவு பார்க்கும் மென்பொருள் (ஸ்பைவேர்) என்று சந்தேகம் இருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். கடவுச்சொற்களை இந்தக் கணினியில் அல்ல, கைப்பேசியில் மாற்றுங்கள்; மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து. மாற்றியதும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைக் கட்டாயம் அழுத்துங்கள். உள்நுழைந்த நிலையைக் காட்டும் குக்கீயைத் திருடியவனுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது.

திரையை நிரப்பி "இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று மிரட்டும் பக்கத்துக்கு மயங்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் தொலைபேசி எண் தருவதில்லை. ஏற்கெனவே அழைத்துப் பணம் போயிருந்தால், என்னிடம் வருவதற்கு முன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

எதற்கும் மசியாவிட்டால் விண்டோஸை முழுதாக அழித்து மறுபடி நிறுவுவதே மேல். அப்போது படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பென்டிரைவில் எடுங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையில் உள்ள நிறுவல் கோப்பு ஒன்றுகூடக் கூட வர வேண்டாம்.