கடற்கரை மணலில் பெரிதாக வரைவது எப்படி

கலிபோர்னியாவின் ஜிம் டெனவன் வெறும் கழியும் வரண்டியும் வைத்துக் கடற்கரை மணலில் இழுக்கும் பிரம்மாண்ட வட்டங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2010-இல் சைபீரியாவின் பைக்கால் ஏரி உறைந்து கிடந்தபோது அதன் மேலேயே வரைந்தவர் அவர். இதை நாமும் செய்யலாம். ஆனால் முதலில் டிசைனைத் தேடாதீர்கள், கடல் எப்போது வற்றும் என்று பாருங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் நீர் நன்றாக இறங்கும். சென்னைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அதனால் ஈர மணல் பட்டை ஒடுக்கமாகத்தான் கிடைக்கும், கரையோடு நீளவாக்கில் ஓடும் டிசைனே சரி. ஒடிசாவின் சாந்திப்பூரில் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும், இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் நீர் திரும்பும் நேரம் தெரியாமல் உள்ளே போகவே கூடாது.

காலால் மிதித்துப் பாருங்கள். தடத்தின் ஓரம் சரிந்தால் மணல் காய்ந்துவிட்டது. தடத்தில் நீர் ஊறினால் இன்னும் கொஞ்சம் மேலே வாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அதுதான் உங்கள் இடம்.

இப்போது ஒரு முளை, ஒரு கயிறு. நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும், வட்டம் கோணிவிடும். முளையை அடித்து, கயிற்றின் மறுமுனையில் குச்சி கட்டி ஒரு சுற்று வாருங்கள். அப்புறம் அதே கயிற்று நீளத்தை வட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியிலும் முளையை மாற்றி அடித்து, வட்டத்துக்கு உள்ளே வில்லாகக் கோடு இழுங்கள், ஆறு இதழ் பூ வந்துவிடும். எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு நீளக் கயிறு, அவ்வளவுதான் கணக்கு.

நிறம் கொடுப்பது சருகு வாரும் வரண்டி. வாரிய இடம் சொரசொரப்பாகிக் கருத்துத் தெரியும், வாராத இடம் வெளுப்பாகவே நிற்கும். பின்பக்கமாக நடந்துகொண்டே வாருங்கள், உங்கள் காலடியை வரண்டியே அழித்துவிடும். வெளுப்பாக விட வேண்டிய பகுதியில் யாரையும் கால் வைக்க விடாதீர்கள், ஒரு தடம் விழுந்தாலும் மேலிருந்து பளிச்சென்று தெரியும்.

வெயில் சாய்வாக விழும் காலை அல்லது மாலையில், ஏதாவது உயரமான இடத்திலிருந்து படம் எடுங்கள். ட்ரோன் என்றால் அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடத்தில் பறக்கவிட அனுமதி உண்டா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரையில் ஆமைகள் முட்டையிடும் காலம். அலை எட்டாத மேல்மணலில் வரண்டியை வைக்கவே வைக்காதீர்கள், முளை, கயிறு எதையும் கரையில் விட்டு வராதீர்கள்.