டவுல்டன் வடிகட்டியின் வரலாறும் பீங்கான் கேண்டிலைப் பராமரிக்கும் முறையும்

பீங்கான் கேண்டில் (நீர் ஊடுருவி வடியும், மெழுகுவர்த்தி போன்ற உருளை) பொருத்திய தண்ணீர் வடிகட்டியைக் கையாள்வதில் நேரும் தவறுகளில் பல, அந்தக் கேண்டில் என்ன வேலையைச் செய்கிறது என்பது தெரியாததால் நேர்பவை. ஆகவே பராமரிப்பு முறைக்குச் செல்லுமுன், இத்துறையில் பழம்பெயர் பெற்ற டவுல்டன் நிறுவனத்தின் கதையைப் பார்த்துவிடுவது பயன் தரும்.

1815-ஆம் ஆண்டு லண்டனில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள லாம்பெத் பகுதியில், ஜான் டவுல்டன் என்ற குயவர் தமது சேமிப்பான 100 பவுண்டை முதலீடு செய்து, மார்த்தா ஜோன்ஸ், ஜான் வாட்ஸ் ஆகியோரின் மண்பாண்டத் தொழிலில் பங்குதாரரானார். நகரத்தின் சாக்கடை கலந்த அதே ஆற்றிலிருந்துதான் லண்டன் மக்களில் பலருக்குக் குடிநீரும் வந்துகொண்டிருந்தது. குடுவைகளும் ஜாடிகளும் செய்துவந்த அந்தச் சூளையில் வடிகட்டிகளும் உருவாகத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். 1835-இல் விக்டோரியா மகாராணியே அரண்மனைக்கு வடிகட்டி செய்து தரச் சொன்னார் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அவர் அரியணை ஏறியதோ 1837-இல்தான் என்பதால், அந்த ஆண்டை அப்படியே ஏற்க இயலாது. ஜானின் மகன் ஹென்றி 1846-இல் கழிவுநீர்க் குழாய்களைச் சுடுமண்ணில் பெருமளவு வார்க்கத் தொடங்கினார். அழுக்கை வடிக்கும் பாண்டமும் அழுக்கை அகற்றும் குழாயும் ஒரே குடும்பத்தின் தொழிலாயின.

அக்காலத்து வடிகட்டிகள் பெரும்பாலும் கரியை நம்பியிருந்தன. கரி வாடையையும் நிறத்தையும் நீக்கியது. ஆனால் நாள்பட்ட கரியிலேயே கிருமிகள் பெருகின. 1884-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரின் உதவியாளர் சேம்பர்லாண்ட், மெருகிடாத பீங்கான் குழலின் வழியே நீரைச் செலுத்திக் கிருமிகளைத் தடுத்துக் காட்டினார். 1891 அளவில் ஜெர்மனியில் பெர்க்கெஃபெல்ட், டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான மண்ணில் கேண்டில் செய்தார். டவுல்டன் கேண்டில்களும் பிற்பாடு இந்த மண்ணாலேயே செய்யப்பட்டன. லாம்பெத் தொழிற்கூடம் 1956-இல் மூடப்பட்ட பின்னரும் டவுல்டன் பெயரில் கேண்டில்கள் தொடர்ந்து வருகின்றன.

இந்த மண்ணைச் சுட்டால், வளைந்து நெளிந்து ஒன்றோடொன்று பின்னிய நுண்துளைகள் உண்டாகின்றன. அவை ஏறத்தாழ ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குள் இருப்பதால், பாக்டீரியாக்களும் அவற்றைவிடப் பெரிய ஒட்டுண்ணிகளும் சுவரிலேயே சிக்கிக்கொள்கின்றன. வைரஸ்கள் மிகச் சிறியவை என்பதால் கடந்துவிடக்கூடும். கரைந்த உப்பும் நைட்ரேட்டும் தடையின்றிக் கடந்துவிடும். உப்புநீரை நன்னீராக்க இதை வாங்குவது வீண்செலவு.

புதிய கேண்டிலைப் பொருத்தியதும் முதலில் வடியும் ஓரிரு பாத்திர நீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். சொட்டுவது மெதுவானால், நீர் வரும் குழலின் வாயை மூடிக்கொண்டு, ஓடும் குளிர்ந்த நீரில் சுத்தமான நைலான் நாரினால் மேற்பரப்பை மென்மையாகத் தேய்க்க வேண்டும். சோப்புத்தூளை அறவே தவிர்க்க வேண்டும். அது துளைகளில் ஊறி, பல நாள் குடிநீரில் கசிந்துகொண்டிருக்கும். பழுப்பு நிறப் படலம் வழிந்து வெண்மை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு தேய்ப்பிலும் சுவர் சிறிது மெலிகிறது. கலங்கல் நீரைத் தெளியவிட்டு ஊற்றினால் தேய்க்கும் தேவையே குறையும். சிலர் கேண்டிலைக் கொதிநீரில் போடுகின்றனர்; உள்ளே கரி நிரப்பியதையும் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் அடிப்பாகம் கொண்டதையும் அவ்வாறு செய்தால் ஒட்டு விட்டுப்போகும்.

கண்ணுக்குப் புலப்படாத கீறலே பெரிய ஆபத்து. நீர் திடீரென்று வேகமாக வடிந்தால் மகிழ்வதற்குப் பதில் ஐயப்பட வேண்டும். கேண்டிலை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, முழுவதும் மூழ்கியிருக்கும்படி பிடித்துக்கொண்டு, அதன் குழலில் சுத்தமான ரப்பர் குழாயைச் செருகி மெதுவாக ஊதிப் பார்க்கலாம். நுண்துளைகளில் தங்கிய நீரை வெளியே தள்ளும் வலு மனித மூச்சுக்கு இல்லாததால், நல்ல கேண்டிலிலிருந்து குமிழி வராது. ஒரே இடத்திலிருந்து குமிழிகள் சரம்போல் கிளம்பினால் அங்கே கீறல் இருக்கிறது. அடிப்பாகத்தின் ஓரத்திலிருந்து வந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. இரண்டுக்கும் மாற்று வழி புதிய கேண்டில் மட்டுமே. திரும்பப் பொருத்தும்போது ரப்பர் வாஷர் மடங்காமல் பார்த்து, திருகைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும்.

வெறும் பீங்கான் கேண்டிலை, தயாரிப்பாளர் குறித்த அளவுக்குச் சுவர் மெலியும்வரை பயன்படுத்தலாம். உள்ளே கரி உள்ளதை, வெளிச்சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அட்டையில் குறித்த காலக்கெடுவில், பொதுவாக 6 மாதத்தில், மாற்றிவிட வேண்டும். கரியின் திறன் தீர்ந்துபோனதைச் சொட்டும் வேகம் காட்டாது.