'வேகபாண்ட்' மங்காவை முதன்முறையாக வாசிப்பது எப்படி?

வாள்வீரன் மியாமோட்டோ முசாஷியைப் பற்றி எய்ஜி யோஷிகாவா 1930களில் நாளிதழ் தொடராக எழுதிய நாவலை வைத்து, தகெஹிகோ இனோவே 1998இல் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, இது. மொத்தம் 37 தொகுதிகள், 327 அத்தியாயங்கள். 2015இல் நின்ற தொடர் அதன்பின் நகரவில்லை. முடிவு கிடைக்காது என்று தெரிந்தே கையில் எடுங்கள். வெட்டுக்குத்தும் பாலுறவுக் காட்சிகளும் நிறைய உண்டு, சிறுவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

1. எந்தப் பதிப்பு?

விஸ் நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பில் தனித் தொகுதிகளும் உண்டு, மும்மூன்றாகச் சேர்த்த 'விஸ்பிக்' புத்தகங்களும் உண்டு. விஸ்பிக் 12 புத்தகங்களோடு 36ஆம் தொகுதி முடிந்துவிடும். 37ஐத் தனியாக வாங்க வேண்டும். இரண்டையும் கலந்து வாங்கினால் எண் குழப்பும். விஸ்பிக் எண்ணை மூன்றால் பெருக்குங்கள், அதில் உள்ள கடைசித் தொகுதி எண் வரும். ஐந்தாவது புத்தகத்தில் இருப்பவை 13, 14, 15.

2. வலமிருந்து இடம்

நம் புத்தகங்களில் பின்னட்டை இருக்கும் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். மேல் வரிசையின் வலது கட்டம் முதலில், பிறகு இடது, அதன்பின் கீழ் வரிசை. ஒரே கட்டத்துக்குள் இருக்கும் வசன பலூன்களுக்கும் இதே வரிசைதான். கேள்விக்கு முன்னால் பதில் வருகிறது என்றால் பலூன்களை மாற்றிப் படித்திருக்கிறீர்கள். ஃபோனில் வாசிப்பவர்கள் இரட்டைப் பக்கப் படம் வரும்போது திரையைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். இல்லையென்றால் வாள் ஒரு பக்கத்திலும் வெட்டுப்பட்டவன் மறு பக்கத்திலுமாகப் படம் பிளந்துவிடும்.

3. பெயர்ப் பட்டியல்

1600இல் நடந்த செகிகஹாரா போரில் தோற்ற தரப்பில், பிணங்களுக்கு நடுவே தகேஸோவும் நண்பன் மதஹாச்சியும் கிடப்பதில் கதை தொடங்குகிறது. இந்தத் தகேஸோதான் பிறகு முசாஷி ஆகிறான். மதஹாச்சியோ சசாகி கோஜிரோ என்ற பெயரைத் திருடிக்கொண்டு திரிகிறான்; உண்மையான கோஜிரோ வேறு ஆள். இந்த மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் தாமாகவே மனதில் நிற்பார்கள்.

4. வேகத்தைக் குறைக்கும் இடம்

பலர் கைவிடுவது 14ஆம் தொகுதியில். முசாஷி காணாமல் போய், 20ஆம் தொகுதி வரை கோஜிரோவின் கதை ஓடுகிறது. நீளமான வாளோடு கடலில் வந்து சேரும் கைக்குழந்தையிலிருந்து அது தொடங்கும். அவசரப்பட்டு 21க்குத் தாவாதீர்கள், தொடரின் உச்சமே இதுதான்.

இனோவேயின் கோஜிரோவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அதனால் பக்கம் பக்கமாக வசனமே இருக்காது. பலூனை மட்டும் தேடும் கண் இந்தப் பக்கங்களை நொடியில் தாண்டிவிட்டு, 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று சலித்துக்கொள்ளும். சண்டைக் காட்சியில் வாளை விட்டுவிட்டு முதலில் கால்களைப் பாருங்கள்: எடை எந்தக் காலில் இருக்கிறது, குதிகால் தூக்கியிருக்கிறதா? அடுத்து வாளைப் பிடித்திருக்கும் விதம், அதன்பின் கண். யார் முதலில் பாயப்போகிறார் என்பது வெட்டு விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். தூரிகைக் கோடுகளையும் கவனியுங்கள். மை வற்றி வெள்ளை தெரியும்படி இழுத்த இடத்தில் பெரும்பாலும் வேகம் இருக்கும்.

ஒரு நாளுக்கு ஒரு தொகுதி போதும்.

5. எழுபது பேர், அதன்பின் நிலம்

கியோட்டோவின் யோஷியோகா வாள்பயிற்சிப் பள்ளியினர் எழுபது பேரை முசாஷி தனியாக எதிர்கொள்ளும் போரை ஒரே மூச்சில் படியுங்கள், பாதியில் நிறுத்தினால் அவனுடைய களைப்பு உங்களுக்கு வந்து சேராது. கடைசித் தொகுதிகளில் வாள் மறைந்து மண்வெட்டி வருகிறது. பட்டினி கிடக்கும் ஊரில் முசாஷி பயிர் செய்யப் பாடுபடுகிறான். சண்டையை எதிர்பார்த்தவர்கள் இதையும் குறை சொல்வார்கள். எழுபது பேரை வெட்டியவனுக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

6. முடிவு வேண்டுமென்றால்

முசாஷியும் கோஜிரோவும் கன்ரியூ தீவில் மோதியது 1612இல் என்பது மரபு. மங்கா அதுவரை எட்டவில்லை. யோஷிகாவாவின் நாவல் அந்த மோதலோடுதான் முடிகிறது, ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும். ஆனால் காது கேளாத கோஜிரோவை அதில் தேடாதீர்கள், அவன் இனோவேயின் படைப்பு.